வகுப்பறை இருக்கையின் வரலாறு

காலை மணி ஒலித்தவுடன் புனே நகரத்துப் பள்ளிகளுக்குள் சிறுவரும் சிறுமியரும் அணியணியாக நுழைகின்றனர். தச்சரின் மகளும் மருத்துவரின் மகளும் ஒரே பலகையில் அருகருகே அமர்கின்றனர். இக்காட்சி யாருக்கும் வியப்பளிப்பதில்லை. கதிரவன் உதிப்பதுபோல் தானாகவே நிகழ்வதாகத் தோன்றுகிறது. ஆயினும், அந்த இருக்கை தானாகக் கிடைத்ததன்று. பலர் கேட்டு, மறுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் கேட்டுப் பெற்றது அது. அது எவ்வாறு கிடைத்தது என்பதைக் கூறுவது வரலாறு. அது பறிபோகாமல் காக்கும் வழியைக் கற்பிப்பது குடிமையியல். இளைஞர் இவ்விரண்டையும் ஏன் கற்க வேண்டும் என்பதற்குப் புனே நகரமே தக்க சான்றாக விளங்குகிறது.

பிடே வாடாவில் தொடங்கிய பள்ளி

புனேயின் நடுவே, புத்வார் பேட்டை என்னும் பழைய பகுதியில் பிடே வாடா என்றொரு வீடு இருந்தது. முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த பெருவீட்டை மராட்டியர் ‘வாடா’ என்பர். 1848ஆம் ஆண்டு அவ்வீட்டில் ஜோதிராவ் புலேயும் அவருடைய மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினர். அப்போது சாவித்திரிபாயின் வயது 17. பெண் கற்றால் குடும்பம் கெடும் என்று பலர் நம்பிய காலம் அது. பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது சேற்றையும் சாணத்தையும் வீசினர். அவர் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுசென்று, பள்ளியில் அதனை உடுத்திக்கொண்டு பாடம் நடத்தினார் என்பர்.

அத்தம்பதியரின் பள்ளியில் பயின்றவருள் ஒருத்தி முக்தா சால்வே. ஒடுக்கப்பட்ட மாங் சமூகத்தில் பிறந்த அச்சிறுமி, மாங், மகர் மக்கள் படும் துன்பங்களை 1855ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக எழுதினாள். ‘ஞானோதயா’ என்னும் இதழ் அதனை வெளியிட்டது. எழுத்தறிவு பெற்ற சில ஆண்டுகளிலேயே ஒரு சிறுமி தன் மக்களின் குறையை ஊரறியச் சொன்னாள். கல்வியை எதிர்த்தவர் எதற்கு அஞ்சினர் என்பதும், புலே தம்பதியர் எதனை விரும்பினர் என்பதும் இந்நிகழ்ச்சியால் விளங்கும்.

ஒரு கோரிக்கையின் நெடும்பயணம்

1882ஆம் ஆண்டு ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக்குழுவிடம் ஜோதிராவ் புலே ஓர் அறிக்கை அளித்தார். உழைக்கும் மக்களின் வரிப்பணத்தால் அரசு நடக்கிறது; கல்விக்கான பணமோ மேல்தட்டினரின் உயர்கல்விக்கே பெரிதும் செல்கிறது என அவர் எடுத்துரைத்தார். குறைந்தது 12 வயது வரையேனும் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றும் கேட்டார். அக்கோரிக்கை நிறைவேறவில்லை.

புனேயின் பெர்குசன் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கோபால கிருஷ்ண கோகலே அதே வேண்டுகோளைச் சட்டமன்றத்திற்குக் கொண்டுசென்றார். 1911ஆம் ஆண்டு அவர் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்க்குக் கல்வியைப் படிப்படியாகக் கட்டாயமாக்குவது அதன் நோக்கம். மறு ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 13 வாக்குகளும் எதிராக 38 வாக்குகளும் விழுந்தன. மசோதா தோற்றது, ஆனால், முயற்சி வீண்போகவில்லை. 1918இல் பம்பாய் மாகாணமும், 1920இல் சென்னை மாகாணமும் தொடக்கக் கல்விச் சட்டங்களை இயற்றின.

கோகலே 1905இல் புனேயில் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திற்கு, அவர் மறைந்தபின் 1915இல் தலைமை ஏற்றவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்து, சென்னையில் தலைமையாசிரியராகப் பணியாற்றிய தமிழர் அவர். தமிழ் மாணவருக்கும் புனேயின் வரலாறு அயலார் கதையன்று.

சட்டத்தில் இடம் மாறிய சொற்கள்

இதுவரை கூறியது வரலாறு. இனி வருவதை விளங்கிக்கொள்ளக் குடிமையியல் வேண்டும். 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், பத்து ஆண்டுகளுக்குள் 14 வயது வரையுள்ள அனைவருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45ஆம் பிரிவில் கூறியது. எனினும், பத்து ஆண்டுகள் கடந்தும் அது நிறைவேறவில்லை. அதற்காக எவரும் நீதிமன்றத்தில் முறையிட இயலவில்லை. காரணம், 45ஆம் பிரிவு அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகளுள் ஒன்று. அக்கோட்பாடுகள் அரசுக்கு வழிகாட்டும். ஆனால், அவற்றை நீதிமன்றத்தின் வாயிலாக வற்புறுத்திப் பெற முடியாது. அடிப்படை உரிமைகளையோ அவ்வாறு பெறலாம்.

2002ஆம் ஆண்டு செய்யப்பட்ட 86ஆவது திருத்தம் 21அ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, 6 முதல் 14 வயது வரையுள்ளோரின் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதனைச் செயற்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. புலே அறிக்கை அளித்த ஆண்டிலிருந்து எண்ணினால் இடையே 128 ஆண்டுகள் கழிந்தன. வழிகாட்டும் நெறிக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர், தமக்கு உரியதைக் கொடையெனக் கருதிக் கைகட்டி நிற்பர்.

மறதியின் விலை

அறிவியலும் கணிதமும் வேலை தரும். வரலாறு என்ன தரும் எனச் சிலர் வினவுவர். மென்பொருள் நிறுவனங்களும் வாகனத் தொழிற்சாலைகளும் நிறைந்த புனேயில் இவ்வினா எழுவது இயல்பே. ஆனால், பொறியாளரும் குடிமகனே. 18 வயது நிறைந்தவுடன் வாக்களிக்கும் பொறுப்பு அவருக்கும் வருகிறது. ஒரு செய்தி கைப்பேசியில் வந்தால், இதனைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார், சான்று என்ன என்று ஆராயும் பழக்கத்தை வரலாற்றுக் கல்வியே அளிக்கிறது.

வரலாற்றை மறந்தால் நேர்வது என்ன என்பதற்கும் பிடே வாடாவே எடுத்துக்காட்டு. நாட்டின் பெண்கல்விக்கு வழிகாட்டிய அவ்வீடு பல்லாண்டுகள் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. நீண்ட வழக்குக்குப் பின், நினைவிடம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் அக்கட்டடம் இடிக்கப்பட்டது. நினைவிடத்தைப் புதிதாகக் கட்டலாம். சாவித்திரிபாய் பாடம் நடத்திய அறையை இனி எவராலும் காண இயலாது.

வெறுமையான இருக்கை

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. 2011இல் அவ்விகிதம் 64 விழுக்காட்டைக் கடந்தது. வளர்ச்சி பெரிது, ஆயினும், பணி முடியவில்லை.

ஒரு வகுப்பில் ஓர் இருக்கை சில நாள்களாக வெறுமையாகக் கிடக்கிறது என்று கொள்வோர், அதில் அமர்ந்திருந்த சிறுமி தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ வேலைக்கோ அனுப்பப்பட்டிருக்கலாம் என எண்ணிப் பார்க்க வேண்டும். வரலாறு அறியாத மாணவர், அஃது அவள் வீட்டுச் செய்தி எனக் கடந்து செல்வார். வரலாறு அறிந்தவரோ, அந்த ஓர் இருக்கைக்காகச் சேற்றைத் தாங்கியவரை நினைவுகூர்வார். குடிமையியலும் அறிந்தவர் அடுத்த அடியையும் எடுத்துவைப்பார். குழந்தைகள் பள்ளியில் சேர்வதையும் தவறாமல் வருவதையும் உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை எனச் சட்டம் கூறுவதை அவர் அறிவார். ஆசிரியரிடமும், பெற்றோர் பெரும்பான்மையாக இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் செய்தியைச் சொல்வார். அச்சிறுமி மீண்டும் வந்து தன் இருக்கையில் அமரும் நாளில் அவர் கற்ற கல்வி பயனடைகிறது.