பத்து ரூபாய் டிக்கெட்டில் பட்டணத்துப் புதையல்!



உலகப் படத்தில் வடகோடியைப் பாருங்கள். அங்கே பின்லாந்து என்றொரு நாடு இருக்கிறது. அதன் தலைநகர் ஹெல்சிங்கி. அங்கே குளிரும் அதிகம், விலைவாசியும் அதிகம். ஆனால் பணத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்களும் அந்த ஊரை நன்றாகச் சுற்றிப் பார்த்துவிடுகிறார்கள். எப்படித் தெரியுமா? பஸ்ஸுக்கும் டிராமுக்கும் வாங்குகிற டிக்கெட்டிலேயே ஒரு படகிலும் ஏறலாம். அந்தப் படகு, 1748-ல் கட்டத் தொடங்கிய சுவோமென்லின்னா என்ற கோட்டைத் தீவில் கொண்டுபோய் இறக்கிவிடும். தீவைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் கிடையாது. கரைக்குத் திரும்பினால், ஊடி என்ற பெரிய நூலகத்தில் யார் வேண்டுமானாலும் நுழைந்து உட்கார்ந்து படிக்கலாம்.

"படப்பையில் இருக்கிற எங்களுக்கு ஹெல்சிங்கி எதற்கு?" என்கிறீர்களா? நமக்கும் ஒரு தலைநகர் இருக்கிறதே! சென்னையையும் அதேபோலச் சிக்கனமாகப் பார்க்கலாம். அதற்கு வழி சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டச் சொன்னதும், "வயித்து வலி சார், நான் வரலை" என்று சொன்ன பிள்ளைகளை என் பணிக்காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வலி வயிற்றில் இல்லை, வீட்டில் காசில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

ரயிலில் ஒரு பாடம்

படப்பையிலிருந்து பஸ்ஸில் தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் எழும்பூர். இரண்டாம் வகுப்பு டிக்கெட் பத்து ரூபாய். 5 வயது முடிந்து 12 வயது ஆகாதவர்களுக்கு அரை டிக்கெட்தான். இந்தத் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. உங்கள் தாத்தாவின் அப்பாகூட இதில் பயணம் செய்திருக்கலாம்!

பல்லாவரம் வரும்போது ஜன்னல் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் இந்தப் பல்லாவரத்தில்தான் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் கல். அவர் கண்ணுக்கோ, ஆதி மனிதன் தட்டித் தட்டிச் செதுக்கிய கருவி என்று தெரிந்துவிட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்ற ஆராய்ச்சி அந்தக் கல்லில்தான் தொடங்கியது. நாம் தினமும் கடந்துபோகிற ஊருக்கு எவ்வளவு பெரிய பெருமை பார்த்தீர்களா?

பூட் சேர்த்து வைத்த பழங்காலப் பொருள்களின் தொகுப்பு பிறகு எழும்பூர் மியூசியத்துக்கு வந்து சேர்ந்தது. நாமும் அங்கேதான் போகிறோம்.

பாரிஸ் சிற்பி பார்க்காத சிலை

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கிப் பாந்தியன் சாலைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே இருப்பது 1851-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் சொற்பம்தான். மாணவர்களுக்கு அதிலும் சலுகை உண்டு. பள்ளி அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள்.

உள்ளே திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறது. ஆந்திராவின் அமராவதி ஸ்தூபியிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் இருக்கின்றன. அதே ஸ்தூபியின் வேறு சில சிற்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில் மட்டும் கட்டாயம் நேரம் செலவழியுங்கள்.

அங்கே திருவாலங்காட்டிலிருந்து வந்த சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற சிற்பி ரோடின், இந்த மியூசியத்து நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்தே மயங்கிப் போனார். சிவனின் நடனத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். அவர் 1917-ல் காலமானபின், 1921-ல் அது அச்சில் வந்தது. நேரில் வந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை. அவருக்குக் கிடைக்காதது உங்களுக்குப் பத்து ரூபாய் ரயில் டிக்கெட்டில் கிடைக்கிறது!

இந்தச் சிலைகளை எப்படிச் செய்தார்கள்? முதலில் மெழுகில் சிலை செய்வார்கள். அதன்மேல் களிமண் பூசிக் காயவைப்பார்கள். பிறகு சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே உண்டான வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். அச்சு உடைந்துவிடுவதால் ஒன்றைப் போலவே இன்னொன்று வராது. ஒவ்வொரு சிலையும் ஒரே ஒரு சிலைதான்! கும்பகோணம் அருகே சுவாமிமலையில் இன்றைக்கும் இப்படிச் செய்கிறார்கள்.

மியூசியத்தை ஒட்டியே கன்னிமாரா பொது நூலகம் இருக்கிறது. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி பெறுகிற நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. இது திறக்கப்பட்டது 1896 டிசம்பர் 5. முன்பு சொன்ன ஹெல்சிங்கியின் ஊடி நூலகம் திறக்கப்பட்டது 2018 டிசம்பர் 5. தேதி ஒன்று; ஆனால் நம்முடையது 122 வருஷம் மூத்தது!

கோட்டைக்குள் ஒரு கொடி

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுபடியும் ரயில் ஏறுங்கள். எழும்பூருக்கு அடுத்து பூங்கா நிலையம், அதற்கடுத்து கோட்டை நிலையம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகம் இங்கே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு; பயப்பட வேண்டாம்.

உள்ளே இருக்கும் கோட்டை அருங்காட்சியகம் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்தது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே டிக்கெட் கிடையாது. உடன் வரும் பெரியவர்களுக்குத்தான் வாங்க வேண்டும். பழைய நாணயங்கள், பீரங்கிக் குண்டுகள், ஓவியங்கள் எல்லாம் உண்டு. ஆனால் நான் உங்களைப் போகச் சொல்வது ஒரு கொடிக்காக. 1947 ஆகஸ்ட் 15 அதிகாலையில் இந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுத் தேசியக் கொடி இங்கே பாதுகாக்கப்படுகிறது. பாடப் புத்தகத்தில் சுதந்திரம் என்பது ஒரு தேதி. இங்கே அது உங்கள் கண்முன் விரிந்திருக்கும் துணி.

கோட்டையிலேயே இருக்கும் புனித மேரி தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டது. நேரமிருந்தால் அதையும் பாருங்கள்.

போவதற்கு முன்...

* இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை போவது நல்லது. கிளம்பும் முன் பெரியவர்களை விட்டு விசாரித்துக்கொள்ளுங்கள்.
* ரயிலுக்கு மொத்தச் செலவு: தாம்பரம் - எழும்பூர் 10, எழும்பூர் - கோட்டை 5, கோட்டை - தாம்பரம் 10. பெரியவர் ஒருவருக்கு 25 ரூபாய்!
* எலுமிச்சை சாதமும் தண்ணீர் பாட்டிலும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வெளியில் வாங்கினால் செலவு இரண்டு மடங்கு.
* அம்மா, அப்பா, மாமா, பாட்டி என யாராவது ஒரு பெரியவருடன்தான் போக வேண்டும்.
* ஒரு நோட்டும் பென்சிலும் அவசியம். பிடித்த ஒரே ஒரு பொருளை அங்கேயே நின்று வரையுங்கள். வரைய வராதா? பரவாயில்லை, வரைகிறபோதுதான் கண் உண்மையாகவே பார்க்கும்.

பாட்டு பிடிக்குமா? மார்கழியில் சென்னை சபாக்களில் பகல்நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். இசைக்காகவே யுனெஸ்கோ 2017-ல் சென்னையைப் படைப்பாற்றல் நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

அருங்காட்சியகமும் நூலகமும் மக்கள் பணத்தில் நடப்பவை. உங்கள் வீட்டார் கடையில் வாங்கும் சோப்பிலும் பேஸ்ட்டிலும் கொடுக்கும் வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. அதனால் விருந்தாளியைப் போல வாசலில் தயங்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல உரிமையோடு உள்ளே போங்கள்!