கணிப்பொறியின் சாவி யாரிடம்?

தறியில் பாவு இழை அறுந்தால் நெசவாளர் எவரும் தச்சரைத் தேடி ஓடுவதில்லை. இரு நுனியையும் பற்றி முடிச்சிட்டு, அடுத்த ஊடையைச் செலுத்திவிடுகிறார். கிணற்று மோட்டார் தண்ணீரை இழுக்காவிடில், அடிவால்வில் குப்பை அடைத்திருக்கிறதா என்று உழவர் தாமே பார்க்கிறார்; சுருள் எரிந்துபோனால்தான் மெக்கானிக்கை அழைக்கிறார். எது தம் கையால் ஆகும், எது ஆகாது என்னும் தெளிவு இவர்களுக்கு உண்டு. ஆனால் சங்க அலுவலகத்தில் கணிப்பொறி சற்றே தயங்கி நின்றாலோ, பல்லாண்டுகள் பேரேடு எழுதித் தேர்ந்த எழுத்தர்கூட நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, “அந்தத் தம்பி வரட்டும்” என்று கைகட்டி அமர்ந்துவிடுகிறார். இவ்வச்சத்தைப் பற்றியே அங்கத்தினர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

கணிப்பொறி இனி நம் விருப்பத்தைப் பொறுத்ததன்று. நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறிமயமாக்க, 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் அடங்கியவை அல்ல. ஆயினும் நூல் இருப்பும் கூலிப் பட்டியலும் அங்கும் பல இடங்களில் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. பேரேடு உருமாறியது. அதைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விதான் கேட்கப்படாமல் நிற்கிறது.

சங்கத்தின் இரும்புப் பெட்டிச் சாவியை வெளியார் ஒருவரிடம் கொடுத்துவைக்க எந்த நிர்வாகக் குழுவாவது சம்மதிக்குமா? கணிப்பொறியின் தலைமைக் கடவுச்சொல்லோ, அதை அமைத்துக் கொடுத்தவரின் கைபேசியில் மட்டும் இருப்பதுண்டு. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டால், எண்ணை மாற்றிக்கொண்டால் என் செய்வது? கடன் பாக்கி இல்லை என்ற சான்றுக்கு வந்த அங்கத்தினர் வெறுங்கையுடன் திரும்ப வேண்டியதுதான். மென்பொருள் உரிமமும் மின்னஞ்சல் கணக்கும் சங்கத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். தலைமைக் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் சேர்த்து, அதைத் தீர்மானப் புத்தகத்திலும் பதிய வேண்டும். ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வேண்டும். எப்பதிவை எவர் செய்தார் என்பது அதனால் விளங்கும். பிறர் செய்த பிழைக்குத் தாம் பழி சுமக்காதிருக்க ஊழியருக்கு அதுவே காப்பு.

அச்சத்தின் வேர் அறியாமை மட்டுமன்று. கைபட்டுக் கெட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது என்ற எண்ணமே பெரிதும் காரணம். அவ்வெண்ணம் பல இடங்களில் நியாயமானதும்கூட. ஏனெனில் அங்கே நகல் இருப்பதில்லை! கணக்குக்கு மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. வெள்ளமோ தீயோ வந்தாலும் ஒரு படி தப்பும். நகல் எடுத்தவுடன் அதன் இணைப்பைக் கழற்றி வைப்பதும் முக்கியம். 2017ஆம் ஆண்டு மே மாதம் ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் கணிப்பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளும் தப்பவில்லை. அதற்கான தடுப்புத் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிறுவாதவர்களே பெரிதும் அகப்பட்டனர்.

தமிழ்க் கோப்புகளுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. பழைய எழுத்துருக்களில் தட்டிய தீர்மானங்களை வேறு கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். 2010இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. எனவே பழைய கோப்புகளை, அவற்றைத் தட்டியவர் ஓய்வு பெறுமுன்னரே யூனிகோடுக்கு மாற்றிவிடுதல் நலம்.

தொலைபேசியில் “வங்கியிலிருந்து பேசுகிறோம்” என்று சொல்லி ஏதேனும் செயலியை நிறுவச் சொல்வோருக்கு விடை ஒன்றே: நிறுவுதல் கூடாது. பணம் போய்விட்டால் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். இவ்வெண்ணை மேசைமேல் எழுதி ஒட்டலாம்.

கல்வியும் பயிற்சியும் கூட்டுறவின் ஐந்தாம் கொள்கையாகச் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பின் 1995ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்றுள்ளன. அக்கல்வியை அலுவலகத்துக்குள்ளேயே தொடங்கலாம். பழுது பார்க்க வருபவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். ஊழியர் ஒருவர் அருகில் அமர்ந்து, என்ன கோளாறு, எப்படித் தீர்ந்தது என்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவரட்டும். இளையவர் ஒருவரை மட்டும் பழக்குவது போதாது. அவர் விடுப்பில் சென்ற நாளில் பழைய கதைதான். மூத்த எழுத்தருக்கு விரல் மெதுவாக ஓடலாம். ஆனால் ஒரு தொகை தவறென்று கண்ட மாத்திரத்தில் சொல்லும் கண் அவருடையது.

இவ்வளவும் நிறைவேறியதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, பிற்பகல் ஒன்றில், நகலிலிருந்து கணக்கைப் பிறிதொரு கணிப்பொறியில் ஏற்றிப் பார்க்கட்டும். ஏதேனும் பத்து அங்கத்தினர்களின் பாக்கி அசலோடு ஒத்திருக்கிறதா என்று சரிபார்க்கட்டும். அதை நம் ஊழியர்களே செய்ய வேண்டும். பழுது பார்ப்பவர் அன்று தேநீர் அருந்திக்கொண்டு பார்த்திருக்கலாம். அதற்கான அரை நாளை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே குறித்துவிடலாம்.