நம் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?
சிறுதொழில் நிவாரணம் பற்றித் தோட்டப்புறக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கொள்ளைநோய்க் காலத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. ஆனால் தோட்டங்களில் கொழுந்து பறிப்பது நிற்கவில்லை. பெருந்தோட்ட வேலைக்கு அனுமதி இருந்தது. நின்று போனவை தேயிலைக்கு வெளியே நாம் செய்து வந்த சிறிய பிழைப்புகள். லயத்தின் கோடிக் காம்பிராவில் வைத்திருந்த சில்லறைக் கடை, ஒற்றைத் தையல் இயந்திரம், டவுனுக்கு ஓடிய முச்சக்கர வண்டி, சந்தைக்குக் கொண்டுபோன கூடை மரக்கறி என்று ஒவ்வொன்றாக நின்றது. கொழும்புக் கடைகளில் வேலை பார்த்த பிள்ளைகளும் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள்.

அதிலிருந்து எழும்பிக் கொண்டிருந்த நேரத்தில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலை சரிந்து வீடும் தோட்டமும் மண்ணுக்குள் போன குடும்பங்கள் நம்மிடையே பல. நேற்றுவரை லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டவர்கள், இன்று உறவினர் வீட்டு மூலையிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருந்துகொண்டு, மாவு அரைத்தும் இடியப்பம் அவித்தும் மரக்கறி வாங்கி விற்றும் நாளைக் கடத்துகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒவ்வொரு இடருக்குப் பிறகும் நிவாரணம் என்ற சொல் காதில் விழுகிறது. ஒரு வீட்டுக்கு அது கிடைக்கிறது, அடுத்த வீட்டுக்குக் கிடைப்பதில்லை. “ஆளைத் தெரிந்தவருக்குத்தான் கொடுக்கிறார்கள்” என்று நாம் சொல்லிவிட்டுப் போகிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கும் முந்திய காரணம் ஒன்று உண்டு. நிவாரணப் பணம் பதிவேட்டைப் பார்த்துத்தான் வருகிறது. பெயர் உள்ள இடத்தில் அது நிற்கும். பெயர் இல்லாத வாசலைத் தாண்டிப் போய்விடும். இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

1. மானியம் வேறு, கடன் வேறு

மானியம் என்பது திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். கடன் என்பது வட்டியோடு திருப்ப வேண்டியது. இரண்டையும் அரசாங்க உதவி என்றே சொல்வதால் நாம் குழம்பிப் போகிறோம்.

2020இல் நமது நாட்டில் இரண்டும் வந்தன. ஏப்ரல், மே மாதங்களில் சமுர்த்திக் குடும்பங்களுக்கும் வருமானம் இழந்த வேறு பலருக்கும் 5,000 ரூபா வீதம் கொடுக்கப்பட்டது. அது அடுப்பு எரிவதற்கான பணம். மூடிய கடையைத் திறக்க அது போதாது. தொழில்களுக்கென்று மத்திய வங்கி, சௌபாக்கியா என்ற பெயரில் 4 வீத வட்டிக்குக் கடன் வழங்க ஏற்பாடு செய்தது. இதற்கென 15,000 கோடி ரூபாவரை ஒதுக்கப்பட்டது. ஆனால் இந்தக் கடன் வங்கிகளின் ஊடாகவே வந்தது. தொழிலுக்கு ஒரு பத்திரமும் இல்லாமல், கணக்கு எழுதும் பழக்கமும் இல்லாமல், லயக் காம்பிராவில் கடை வைத்திருப்பவர் அந்த வங்கியின் படியில் ஏறுவது எளிதா?

2. பிற நாடுகளில் நடந்தது

இதே காலத்தில் பிரித்தானியாவில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே கடை வைத்திருக்கும் நம் தமிழ் மக்களும் பலர். 2020 மார்ச் மாதம் அரசாங்கம் பணத்தை உள்ளூராட்சி மன்றங்களிடம் கொடுத்து, சிறு கடைகளுக்கு மானியமாகப் பகிரச் சொன்னது. சிறு கடை ஒன்றுக்கு 10,000 பவுண். அதைவிடப் பெரிய கடைகளுக்கும் உணவகங்களுக்கும் 25,000 பவுண். சில மாதங்களுக்குள் 1,000 கோடிப் பவுணுக்கும் மேல் போய்ச் சேர்ந்தது.

இவ்வளவு விரைவாக எப்படிக் கொடுக்க முடிந்தது? மன்றங்களிடம் ஏற்கெனவே ஆதன வரிப் பதிவேடு இருந்தது. எந்தத் தெருவில் எந்தக் கடை, அதன் பெறுமதி எவ்வளவு என்று அதில் எழுதியிருந்தது. சிறிய கடை என்பதற்காக வரியிலிருந்து முற்றாக விலக்குப் பெற்றவர்களும் அந்தப் பதிவேட்டில் இருந்தார்கள். அவர்கள் வரி ஒரு சதமும் கட்டவில்லை. ஆனாலும் பெயர் இருந்தது, பணம் வந்தது.

பெயர் இல்லாதவர்கள் அங்கேயும் இருந்தார்கள். சந்தையில் தட்டு வைத்து விற்பவர்கள், ஒரே கட்டடத்தில் பலராக இடம் பகிர்ந்து தொழில் செய்தவர்கள், சொந்த வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்துப் பிழைத்தவர்கள் ஆகியோர் முதற் சுற்றில் விடுபட்டார்கள். அவர்கள் குரல் எழுப்பினார்கள். 2020 மே மாதம் சுமார் 62 கோடிப் பவுண் தனியாக ஒதுக்கப்பட்டது. யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த மன்றமே தன் ஊர் நிலைமையைப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று சொல்லப்பட்டது. இதை நாம் இரண்டாவது வாசல் என்று அழைக்கலாம்.

நமக்கு அருகே இந்தியாவிலும் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. 2020 ஜூன் 1ஆம் திகதி பிரதமர் ஸ்வாநிதி என்ற திட்டம் தொடங்கப்பட்டது. தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு இல்லாமல் முதலில் 10,000 இந்திய ரூபா. ஒழுங்காகத் திருப்பினால் அடுத்த முறை கூடிய தொகை. இது மானியம் அல்ல, வட்டிச் சலுகையுடன் கூடிய கடன். அங்கே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்க வேண்டும். கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் என்ன செய்வது? நகராட்சியே பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம் என்று திட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். இதுவும் ஓர் இரண்டாவது வாசல்.

இரண்டு நாடுகளும் சொல்லும் பாடம் ஒன்று. முதலில் பதிவேடு பேசுகிறது. பதிவேட்டில் விடுபட்டவருக்காக உள்ளூர் மன்றம் பேச முடியும். ஆனால் கேட்டால்தான் பேசும்.

3. பிரதேச சபையும் பிரதேச செயலகமும்

நம் மக்கள் பலர் இந்த இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். ஆகவே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பிரதேச செயலகம் அரசாங்க அலுவலகம். கிராம உத்தியோகத்தர் இதன் கீழ் வேலை செய்கிறார். நிவாரணப் பட்டியல், சேத அறிக்கை, வியாபாரப் பெயர்ப் பதிவு ஆகியவற்றுக்கு நாம் போக வேண்டிய இடம் இதுவே.

பிரதேச சபை நாம் வாக்களித்துத் தெரிவு செய்வது. சந்தை, பாதை, குப்பை, வியாபார அனுமதிப்பத்திரம் ஆகியவை இதன் பொறுப்பு. 2023 மார்ச் மாதம் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நமக்குத் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. இப்போது கேள்வி கேட்பதற்கு ஆள் உண்டு.

4. சபை ஏன் லயத்துக்கு வரவில்லை?

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை தன் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளில் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. நாம் வாக்களித்தோம், உறுப்பினரையும் அனுப்பினோம். ஆனால் லயத்துக்குப் போகும் பாதைக்குக் கல் போடச் சபையால் முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்தத் தடையை நீக்கியது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்ற புதிய சபைகள் இயங்கத் தொடங்கின.

சட்டம் மாறிவிட்டது, பதிவேடு இன்னும் முழுமையாக மாறவில்லை. லயக் காம்பிராவுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வருகிறது. நிலம் நம் பெயரில் இல்லை. வியாபாரத்தைப் பதியப் போனால் “இடம் யாருடையது?” என்பதே முதற் கேள்வி. பதிவேட்டில் பெயர் இல்லாதிருப்பது நமக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நம் முன்னோர் நாட்டின் பதிவேட்டிலிருந்தே விடுபட்டார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. அவர்களின் பெயர் பழைய கிராம உத்தியோகத்தர் பிரிவில் இருக்கிறது. பிழைப்போ புதிய இடத்தில் நடக்கிறது. இரண்டு இடத்திலும் “எங்கள் பட்டியலில் நீங்கள் இல்லை” என்ற பதில் வரக்கூடும்.

டித்வாவுக்குப் பிறகு அரசாங்கம் அறிவித்த உதவிகளில், வீட்டைச் சுத்தம் செய்ய 25,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டுக்குப் பதிலாக வீடு கட்ட 50 இலட்சம் ரூபா என்பவற்றோடு, அழிந்த பயிருக்கும் சேதமடைந்த தொழில்களுக்குமான உதவியும் இருந்தது. வீடு இடிந்ததை எவரும் கண்ணால் காணலாம். மண்ணுக்குள் போன தையல் இயந்திரம் நம்முடையது என்று காட்டுவது எப்படி?

5. நாம் இப்போது செய்யக்கூடியவை

அடுத்த இடர் வருமுன் செய்ய வேண்டியவற்றைக் கீழே தருகிறோம். இவற்றுள் எதற்கும் பெரிய செலவில்லை.

(அ) ஒரு கொப்பி வாங்குங்கள். தினமும் வாங்கியது, விற்றது, கடன் கொடுத்தது மூன்றையும் திகதியிட்டு எழுதுங்கள். இயந்திரமோ தராசோ வாங்கினால் பற்றுச்சீட்டை அதிலேயே ஒட்டி வையுங்கள். கடையையும் பொருட்களையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். நம் கைத்தொலைபேசி தொலைந்தாலும் படம் தொலையாது.

(ஆ) வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் அறிக்கை, இடத்துக்கான சான்று ஆகியவை கேட்கப்படும். உறுதியோ குத்தகைப் பத்திரமோ இல்லாதவர்கள், தோட்ட நிர்வாகத்திடம் சம்மதக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போவதைவிட ஐந்தாறு பேர் சேர்ந்து போவது நல்லது.

(இ) உங்கள் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று பிரதேச சபையில் விசாரியுங்கள். வேண்டுமென்றால் எடுத்து, ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். அந்தக் கட்டணச் சீட்டு, பணம் போன கணக்கு மட்டுமல்ல. நாம் தொழில் செய்கிறோம் என்பதற்குச் சபையே தந்த சாட்சி.

(ஈ) இடம்பெயர்ந்தவர்கள் பழைய பிரிவின் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடமும் இழப்பும் பற்றி எழுத்தில் உறுதி பெற்று, அதன் பிரதியைப் புதிய பிரிவில் கொடுத்து வையுங்கள்.

(உ) விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, எந்த அளவுகோலில் தெரிவு நடந்தது என்பதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள்.

6. சபைகளிடம் கேட்க வேண்டியவை

பிரித்தானிய மன்றங்களைப் போல் பணம் கொடுக்க நமது சபைகளின் வருமானம் இடம் தராது. ஆனால் பணமில்லாமலும் செய்யக்கூடியவை உண்டு. லயங்களிலும் தற்காலிக முகாம்களிலும் நடக்கும் வீட்டுத் தொழில்களைக் கணக்கெடுத்து ஒரு பதிவேடு வைக்கலாம். நிலப் பத்திரம் இல்லாதவருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். இடர்க் காலத்தில் சந்தைக் கட்டணத்தைக் குறைக்கலாம். இவற்றை நம் வட்டார உறுப்பினரிடம் கேட்போம். வாய்ச்சொல்லாக அல்ல, மாதர் சங்கமோ இளைஞர் மன்றமோ கையொப்பமிட்ட கடிதமாகக் கேட்போம்.

பதிவு செய்துவிட்டால் நாளைக்கே பணம் வந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பதிவோடு சில கடமைகளும் வரும். ஆண்டுக் கட்டணமும் வரும். அந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் மழை வந்த பிறகு கூரை வேய முடியாது. மண் சரிந்த பிறகு கொப்பி எழுதவும் முடியாது. இந்த வாரமே ஒரு குடும்பம் ஒரு கொப்பியைத் திறந்து முதல் வரியை எழுதட்டும். அடுத்த முறை பட்டியல் போட வருகிறவர் நம் வாசலுக்கு வரும்போது, கையில் கொடுப்பதற்கு அந்தக் கொப்பி இருக்கட்டும்.