மட்டிக்கும் ஓர் அளவு வேண்டும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தின் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுகள் கரையில் வரிசைகட்டி நிற்க, அறந்தாங்கி சந்தையில் மீன் விலை ஏறும். மீன் பெருகுவதற்காகத்தான் இந்தத் தடை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், முழங்கால் தண்ணீரில் நின்று கையால் சேற்றைத் துழாவி மட்டி எடுப்பவரை இந்தத் தடை தொடுவதில்லை. மட்டிக்கும் இனம் பெருக்கும் பருவம் உண்டு.

கழிமுகச் சேற்றில் சில அங்குல ஆழத்தில் புதைந்து, இரண்டு குழல்களை மட்டும் மேலே நீட்டி வாழும் உயிர் மட்டி. ஒரு குழலால் நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்பாசிகளைச் செவுளில் வடித்துத் தின்று, மறு குழலால் நீரை வெளியே விடும். ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரில்தான் கலக்கின்றன. அதனால் அவை நெருக்கமாக வாழ வேண்டும். ஓரிடத்தில் மட்டி மிகவும் குறைந்துவிட்டால், மிஞ்சியவை முட்டையிட்டாலும் கருக்கூடுவது அரிது. மீனாவது வேறிடம் தேடி நீந்தும், மட்டியால் முடியாது.

இதைப் பட்டறிந்த இடம் கேரளத்தின் கொல்லம் அருகிலுள்ள அஷ்டமுடி ஏரி. 1980களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா நாடுகளில் மட்டிக்குக் கிராக்கி ஏற்பட்டது. 1991இல் சுமார் 10,000 டன் எடுத்தார்கள். 1993இல் அது பாதியாகச் சரிந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனையோடு விதிகள் வந்தன: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்கக் கூடாது, குட்டிகள் தப்பிக்கும்படி வலைக்கண் பெரிதாக இருக்க வேண்டும், இயந்திரத்தால் வாரக் கூடாது, ஏற்றுமதியாகும் ஒரு கிலோ சதையில் 1,400 மட்டிக்கு மேல் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதி நுட்பமானது. கிலோவுக்கு 1,400 என்றால் ஒரு மட்டியின் சதை சராசரியாக 0.7 கிராம். எண்ணிக்கை கூடினால் குட்டிகளை வாரியிருக்கிறார்கள் என்று பொருள். ஏரியில் காவல் நிற்க வேண்டாம். தராசும் எண்ணத் தெரிந்த ஒருவரும் போதும். சிறுமட்டியை வாங்க ஆளில்லை என்றால் எடுக்கவும் ஆளிருக்காது. 2014 நவம்பரில், நீடித்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்றிதழை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது அஷ்டமுடி மட்டிதான்.

விதி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்பதும் அங்கேயே தெரிந்தது. அமெரிக்கக் கண்டத்துக் கடல்களைச் சேர்ந்த ஓர் அந்நியச் சிப்பியினம் பின்னர் ஏரியில் பரவி, மட்டியின் இடத்தைப் பிடித்தது. கை செய்யும் கெடுதலைத்தான் விதி தடுக்கும். நீருக்கு வரும் கெடுதலைத் தனியே கவனிக்க வேண்டும்.

அளவு பார்த்து எடுப்பது நமக்குப் புதிதல்ல. தமிழகக் கடலில் சங்கு குளிப்பு அரசின் பொறுப்பில் நடந்த காலத்தில், 57 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலில் விட வேண்டும் என்பது விதி. சங்குக்கு வைத்த அளவை மட்டிக்கும் வைக்கலாம்.

2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடல்பசுவுக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கு மட்டிக்கும் வேண்டும். மணமேல்குடி, கட்டுமாவடிக் கரைகளில் மட்டி எந்த மாதத்தில் முட்டையிடுகிறது, எந்த அளவில் முதிர்கிறது என்று மீன்வளத் துறை ஆராய்ந்து, எடுப்பவர்களோடு உட்கார்ந்து பேசி, ஓர் அளவையும் ஓர் ஓய்வுக்காலத்தையும் வகுக்க வேண்டும். அதுவரை நம்மால் முடிந்தது ஒன்று உண்டு: சந்தையில் குட்டி மட்டியைக் கூறு கட்டி வைத்திருந்தால், வாங்காமல் நகருங்கள்.