மாத்திரை அட்டையில் என்னென்ன இருக்க வேண்டும்?

இந்தியாவில் விற்கப்படும் மருந்துகளின் மேல் எவற்றையெல்லாம் அச்சிட வேண்டும் என்பதை 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், அதன்கீழ் 1945இல் வகுக்கப்பட்ட விதிகளும் சொல்கின்றன. லேபிள் பற்றிய கட்டளைகளில் பெரும்பகுதி 96, 97 ஆகிய இரண்டு விதிகளில் இருக்கிறது. மாத்திரை அட்டை, சிரப் பாட்டில், ஊசிமருந்துக் குப்பி எல்லாமே இவற்றுக்குக் கட்டுப்பட்டவை.

முதலில் வருவது மருந்தின் பொதுப்பெயர். கம்பெனி சூட்டிய வணிகப்பெயரைவிட அது குறைந்தது இரண்டு அளவு பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018இல் விதி திருத்தப்பட்டது. பாரசிட்டமாலை எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ பெயர்களில் விற்கின்றன. காய்ச்சலுக்கு ஒரு பெயரிலும் உடம்பு வலிக்கு இன்னொரு பெயரிலும் ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்கினால் பாதிக்கப்படுவது கல்லீரல். பொதுப்பெயரைப் படித்துப் பார்க்கிறவர் அந்த ஆபத்திலிருந்து தப்புவார்.

ஒரு மாத்திரையில் மூலமருந்து எத்தனை மில்லிகிராம், தயாரித்தவரின் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி ஆகியவையும் கட்டாயம். காலாவதியாக மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை மருந்தைப் பயன்படுத்தலாம் என்று பொருள். ஆனால், அந்தத் தேதி திறக்காத மருந்துக்கே பொருந்தும். கண் சொட்டு மருந்தை மூடி திறந்த ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும் என்று அதன் லேபிளிலேயே எழுதச் சொல்கிறது விதி. பல வீடுகளில் போன வருடம் திறந்த சொட்டு மருந்து இன்னும் அலமாரியில் இருக்கிறது.

பேட்ச் எண் என்பது ஒரே தவணையில் தயாரான சரக்குக்கு இடப்படும் அடையாளம். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் இறந்தபோது, அந்த சிரப் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்றும், எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்திருந்தது என்றும் தெரியவந்தது. கெட்ட சரக்கு எது, அது எங்கெங்கே போயிருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்கு அதிகாரிகளுக்கு உதவுவது இந்த எண்தான். தரச் சோதனையில் தேறாத மருந்துகளை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் பட்டியலும் பேட்ச் எண்ணோடுதான் வருகிறது.

மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்குத் தனி அடையாளங்கள் உண்டு. ஐந்நூறுக்கும் மேற்பட்ட மருந்துகள் அடங்கிய எச் அட்டவணையைச் சேர்ந்தவை ‘ஆர்.எக்ஸ்’ குறியோடு வரும். கட்டுப்பாடு இன்னும் இறுக்கமான எச்-1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாட்டிக் அதில் ஒன்று. அதன் அட்டையில் ஆர்.எக்ஸ் குறி சிவப்பில் இருக்கும். மருத்துவ ஆலோசனையின்றி உட்கொள்வது ஆபத்து என்ற வாசகம் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும். இதை விற்கும் கடைக்காரர் மருத்துவர், நோயாளி, மருந்தின் அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போதைமருந்துச் சட்டத்துக்குள் வருபவற்றுக்கு ‘என்.ஆர்.எக்ஸ்’ குறி. கெட்டமின் போன்ற எக்ஸ் அட்டவணை மருந்துகளுக்கு மருத்துவர் இரண்டு பிரதிகளில் சீட்டு எழுத வேண்டும். அதில் ஒன்றை மருந்துக்கடை இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

எழுத்து தெரியாதவருக்கும் புரியும் அடையாளம் ஒன்று உண்டு. அட்டையில் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு கண்ணில் பட்டால், மருத்துவர் சொல்லாமல் அந்த மருந்தைச் சாப்பிடக் கூடாது. 2016இல் மத்திய அரசு இதைப் பெரிய பிரசாரமாகவே நடத்தியது. எச்சரிக்கை வாசகங்களோ இன்றைக்கும் பெரும்பாலும் பொடி எழுத்து ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் மாத்திரை போடும் கிராமத்து முதியவருக்கு அவற்றால் என்ன பயன்? தமிழிலும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்குவது அரசுக்கு முடியாத காரியமல்ல.

எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலையை அச்சிடச் சொல்வது 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் குற்றம். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் க்யூ.ஆர். குறியீடும் கட்டாயம். செல்போனில் ஸ்கேன் செய்து, அதில் வரும் பேட்ச் எண்ணும் தேதிகளும் அட்டையில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கலாம்.

இத்தனை விவரமும் பத்து மாத்திரைகளுக்கு ஒரே இடத்தில்தான் பெரும்பாலும் அச்சாகிறது. நான்கு மாத்திரை கேட்டால் கடைக்காரர் கத்தரியால் வெட்டித் தருகிறார். தேதி உள்ள முனை கடையிலேயே தங்கிவிட, வீட்டுக்கு வரும் துண்டில் பாதிப் பெயர்தான் மிஞ்சுகிறது. துண்டு வாங்குகிறவர் பேட்ச் எண்ணும் காலாவதியும் குறிப்பிட்ட பில்லைக் கேட்டு வாங்குவதே இதற்கு வழி.

விதிப்படி லேபிள் இல்லாத மருந்தைச் சட்டம் ‘தவறான பெயரிட்ட மருந்து’ என்ற வகையில் சேர்க்கிறது. அதைத் தயாரிப்பதும் விற்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 26ஆவது பிரிவு, வாங்கிய மருந்தின் மேல் சந்தேகம் வந்தால் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கும் தருகிறது. அப்படிச் சந்தேகம் எழுந்தால், மிச்ச மருந்தையும் அட்டையையும் தூக்கி எறியாமல் பில்லோடு பத்திரப்படுத்தி, மாவட்டத்தின் மருந்து ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள்.