அல்சைமர் மருந்து '27% பலன்' தருகிறதா? அந்த எண்ணுக்குள் இருப்பது என்ன?

அல்சைமர் நோய்க்கான லெகானிமாப் மருந்தைப் பற்றிப் படித்திருந்தால், 27% என்ற எண் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். வீட்டில் மறதியோடு போராடும் அப்பாவோ அம்மாவோ இருந்தால், உடனே ஒரு நம்பிக்கை வரும். 27% ஞாபகம் திரும்பிவிடுமா? 100 பேரில் 27 பேருக்குக் குணமாகிவிடுமா?

இரண்டுமே இல்லை. ஏன் என்று புரிய, முதலில் மூளைச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு புரதங்களின் கதை

நரம்புச் செல்லின் மேலுறையில் ஏபிபி என்றொரு புரதம் இருக்கிறது. இரண்டு என்சைம்கள் அதை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டும்போது கிடைக்கும் துண்டுதான் பீட்டா அமிலாய்டு. இது எல்லோர் மூளையிலும் உருவாவதுதான். பெரும்பாலும் 40 அமினோ அமிலங்கள் நீளம் இருக்கும். சில துண்டுகள் 42. அந்த 42தான் வில்லங்கம் பிடித்தது. ஒன்றோடொன்று எளிதில் ஒட்டிக்கொண்டு, செல்களுக்கு வெளியே படிவாகத் தேங்குகிறது.

இன்னொரு புரதம் டாவ், செல்லுக்கு உள்ளே இருப்பது. சத்துப் பொருட்கள் பயணிக்கும் நுண்குழாய்களை, தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டை பிடித்துக்கொள்வதுபோல இது பிடித்து நிற்கிறது. அல்சைமரில் டாவ் மீது பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறுகிறது. பிடி விட்டுப்போகிறது, கழன்ற டாவ் உள்ளேயே சிக்கலாகச் சுருண்டுகொள்கிறது. போக்குவரத்து நின்றால் இணைப்புகள் அறுகின்றன, பிறகு செல்லும் சாகிறது.

இதில் முக்கியமானது கால வரிசை. அமிலாய்டு படிவது முதல் அறிகுறிக்கு 15, 20 வருஷம் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆனால் ஞாபகம் எந்த வேகத்தில் குறைகிறது என்பது அமிலாய்டைவிட, டாவ் எவ்வளவு பரவியது என்பதோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது.

சரி, 27% எங்கிருந்து வந்தது?

லெகானிமாப் அமிலாய்டைக் குறிவைக்கும் ஆன்டிபாடி. 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். ஸ்கேனில் அமிலாய்டு அளவு சராசரியாக 78 புள்ளியிலிருந்து 23 வரை இறங்கியது. குப்பை அள்ளும் வேலையை மருந்து நன்றாகவே செய்கிறது.

நோயாளியின் நிலையோ? அதை அளக்க 0 முதல் 18 வரை ஓர் அளவுகோல் வைத்திருந்தார்கள். எண் கூடினால் நிலை மோசம் என்று அர்த்தம். மருந்து பெறாதவர்கள் 1.66 புள்ளி சரிந்தார்கள். பெற்றவர்கள் 1.21. வித்தியாசம் 0.45. இந்த 0.45 என்பது 1.66-இல் 27%. அவ்வளவுதான் விஷயம். யாருக்கும் ஞாபகம் திரும்பவில்லை. சரிவின் வேகம் சராசரியாகக் கொஞ்சம் குறைந்தது. அமிலாய்டை அள்ளிவிட்டாலும், அதற்குள் பரவிவிட்ட டாவும் செத்துப்போன செல்களும் அப்படியேதானே இருக்கின்றன.

என் பார்வையில், 27% என்று மட்டும் தலைப்பிடுவது பொய்யில்லை, ஆனால் நியாயமும் இல்லை. 0.45-ஐயும் பக்கத்திலேயே போட வேண்டும்.

பக்க விளைவையும்தான். மருந்து எடுத்தவர்களில் 12.6% பேருக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. பெரும்பாலானோருக்கு அறிகுறி இல்லை, 2.8% பேருக்கு இருந்தது. ஏபோஇ4 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் உள்ளவர்களிடம் இந்த வீக்கம் 32.6% வரை போனது. சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவும் உண்டு.

யாருக்குப் பொருந்தும்?

ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மட்டும். பெட் ஸ்கேனிலோ தண்டுவட நீர்ப் பரிசோதனையிலோ அமிலாய்டு உறுதியாக வேண்டும். சோதனையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக மருந்தை ஏற்றினார்கள். இடையிடையே எம்.ஆர்.ஐ. வேறு.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4% பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எல்லாமே அல்சைமர் அல்ல. பக்கவாதத்தால் வருவதும் இதில் அடக்கம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். பி12, தைராய்டு இரண்டுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும். வீட்டில் யாருக்காவது மறதி கூடுவதாகத் தெரிந்தால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.