சும்மா இருக்கும் வெந்நீர் சும்மா இருப்பதில்லை!
குளிக்காமலே கரையும் காசு. எண்ணூர் ஆற்றில் படியும் சாம்பல்

காலை 6 மணிக்கு ஒருவர் குளிக்கிறார். அடுத்தவர் குளிக்க 8 மணி ஆகிறது. நடுவில் உள்ள 2 மணி நேரம் வெந்நீர் என்ன செய்கிறது?

"சும்மாதானே இருக்கிறது!" என்பீர்கள். இல்லை! அது தன் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. போன சூட்டை ஈடு செய்ய மறுபடியும் எரிக்க வேண்டும். எரிக்கக் காசு வேண்டும். ஆக, யாரும் குளிக்காத நேரத்திலும் நம் காசு கரைகிறது.

புகைபோக்கி என்ற திருடன்

அமெரிக்கா, இங்கிலாந்து போன்ற குளிர் நாடுகளில் பல வீடுகளில் எண்ணெயில் எரியும் பாய்லர் உண்டு. அது தண்ணீரைச் சுட வைத்து, குழாய் வழியாக அறைதோறும் அனுப்பி, வீட்டையே கதகதப்பாக வைக்கிறது.

வேண்டிய சூடு வந்ததும் நெருப்பு தானே அணைந்துவிடும். உடனே பாய்லர் ஆறத் தொடங்கும். அதன் இரும்புச் சுவர் வழியாகக் கொஞ்சம் சூடு போகும். புகைபோக்கி வழியாகவும் போகும். வெளியே இருந்து நுழையும் காற்று, பாய்லருக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு கூரைக்கு மேலே பறந்துவிடும்!

அங்கே இதற்கு மூன்று வழி செய்கிறார்கள். பாய்லரையும் குழாய்களையும் கண்ணாடி நார் மெத்தையால் போர்த்துகிறார்கள். நெருப்பு அணைந்ததும் புகைபோக்கியை மூடி, எரியும் முன் தானே திறக்கும் தட்டைப் பொருத்துகிறார்கள். வேண்டிய நேரத்தில் மட்டும் எரியும்படி கடிகாரம் வைக்கிறார்கள்.

தட்டைப் பொருத்துவது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. எரியும்போது புகைபோக்கி அடைபட்டிருந்தால், நச்சு வாயு வீட்டுக்குள் புகுந்து உயிரைப் பறித்துவிடும்.

நம் வீட்டு பாய்லர்

நம் வீடுகளில் இருந்த செம்பு பாய்லரும் இதே இனந்தான். நடுவில் கரி போடும் குழல், சுற்றிலும் தண்ணீர். இன்று பல வீடுகளில் அதன் இடத்தில் மின்சார ஹீட்டர் தொங்குகிறது. இதற்குப் புகைபோக்கி இல்லை. ஆனாலும் தொட்டியின் சுவர் வழியாகச் சூடு போகத்தான் செய்கிறது.

25 லிட்டர் ஹீட்டரை இரவு பகலாகப் போட்டே வைத்தால், ஒரு செம்பு தண்ணீர் கூட எடுக்காவிட்டாலும், நாளைக்கு அரை யூனிட் முதல் 1 யூனிட் வரை வீணாகலாம். மாதத்துக்கு 15 முதல் 30 யூனிட்!

"அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் அதிகம் செலவாகும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. சூடு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வேகமாக அது வெளியே ஓடும். ஆறிய தண்ணீர் இழப்பது குறைவு. ஆகவே அணைத்து வைத்து, வேண்டும்போது போடுவதே சிக்கனம்.

முகத்துவாரத்துக்கு என்ன சம்பந்தம்?

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். மீனும் இறாலும் நண்டும்தான் இப்பகுதி மீனவர்களின் சோறு.

இதே வட்டாரத்தில்தான் அனல் மின் நிலையங்கள் நிற்கின்றன. 1970-ம் ஆண்டு தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல் மின் நிலையம் நிலக்கரியை எரித்து மின்சாரம் தருகிறது.

1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல்! சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். குழாய் ஒழுகிய இடங்களில் அது ஆற்றில் படிந்தது. மீனவர்கள் குமுறினார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயிற்று.

வீணாகும் அந்த 30 யூனிட்டுக்கு ஏறக்குறைய 21 கிலோ நிலக்கரி எரிகிறது. 6, 7 கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. இது ஒரே வீட்டின் ஒரு மாதக் கணக்கு. பட்டணத்தில் எத்தனை வீடு! ஒரு ஸ்விட்சை அணைப்பதால் ஆறு சுத்தமாகிவிடாது. ஆனால் யாருக்கும் பயன்படாத சூட்டுக்காகச் சாம்பலைக் குவிப்பது நியாயமா?

நீங்கள் செய்ய வேண்டியது

* குளிப்பதற்குச் சற்று முன்பு ஹீட்டரைப் போடுங்கள். சூடானதும் அணையுங்கள். வீட்டில் எல்லாரும் அடுத்தடுத்துக் குளியுங்கள்.

* சூட்டின் அளவை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்.

* புதிதாக வாங்கும்போது நட்சத்திரச் சீட்டைப் பாருங்கள். தொட்டி ஹீட்டருக்கு நட்சத்திரம் கொடுப்பதே, சும்மா இருக்கும்போது எவ்வளவு சூடு போகிறது என்பதை வைத்துத்தான். நட்சத்திரம் கூடினால் இழப்புக் குறைவு.

* வெந்நீர்க் குழாய்க்கு, கடையில் விற்கும் ரப்பர் நுரை உறையைப் போடுங்கள். ஹீட்டரின் மேல் துணி சுற்றாதீர்கள். ஒயரும் வால்வும் இருக்கும் இடம் அது, ஆபத்து!

* குடிக்கும் வெந்நீரை அடுப்பிலேயே வைத்திருக்காதீர்கள். பிளாஸ்கில் ஊற்றுங்கள். 1892-ம் ஆண்டு ஜேம்ஸ் டேவர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த தத்துவம் அது. இரண்டு சுவர், நடுவில் காற்று கூட இல்லாத வெற்றிடம். சூடு தாண்டிப் போவது மிகக் குறைவு.

பானையில் ஓட்டை இருந்தால் உடனே அடைக்கிறோம். சூடு ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. மின்சார பில்லில்தான் தெரியும். இந்த மாத பில்லை எடுத்து வையுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே புரியும்!